மெயின்ஃப்ரேம் டேப் லைப்ரரியில் ஒரு வால்யூமின் பதிவைத் தேடிப் பிடிப்பது எப்படி

ஸ்டோரேஜ் டீமில் நான் சேர்ந்த இரண்டாவது வாரம். இரவு ஷிப்ட். ஆடிட்டுக்காகப் பழைய டேட்டாசெட் (மெயின்ஃப்ரேமில் கோப்புக்கு இதுதான் பெயர்) ஒன்று வேண்டும் என்று டிக்கெட் வந்தது. எந்த டேப் என்று எண்ணும் கொடுத்திருந்தார்கள். தேடினேன், ஒன்றும் வரவில்லை. "அப்படி ஒரு டேப் நம்மிடம் இல்லை" என்று எழுதி டிக்கெட்டை மூடிவிட்டேன். அந்த டேப் லைப்ரரிக்குள்ளேயே இருந்தது. நான் கொடுத்த கட்டளை என் யூசர் ஐடியின் பெயரில் உள்ள டேப்களை மட்டும்தான் தேடியிருக்கிறது. அது தெரியவர நான்கு நாள் ஆனது. அந்த நான்கு நாளும் அந்தப் பக்கம் ஒருவர் ஆடிட்டருக்குப் பதில் சொல்ல முடியாமல் தவித்திருக்கிறார்.

அப்படி ஒரு நிலை உங்களுக்கும் உங்களை நம்பி டிக்கெட் போடுகிறவருக்கும் வரக் கூடாது என்பதற்காக, நான் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். இது மெயின்ஃப்ரேமின் இசட்ஓஎஸ் சிஸ்டத்தில், டேப்களை நிர்வகிக்கும் ஐபிஎம்மின் டிஎஃப்எஸ்எம்எஸ் ஆர்எம்எம் என்ற மென்பொருள் ஓடும் இடங்களுக்கானது. உங்கள் இடத்தில் அதே வேலையைச் செய்யும் சிஏ-1 ஓடினால் கட்டளைகள் வேறு. ஆர்எம்எம்-இன் பதிவேடான கன்ட்ரோல் டேட்டாசெட் இருக்கும் இடத்தில் அங்கே டிஎம்சி என்ற பதிவேடு இருக்கும். ஆனால் எதை எதனுடன் ஒப்பிட வேண்டும் என்பது மாறாது. கட்டளைப் பெயர்களை நாம் வாயால் சொல்கிறபடி எழுதியிருக்கிறேன். திரையில் அடிக்கும்போது மேனுவலைப் பார்த்து அடியுங்கள்.

1. ஒரு டேப்புக்கு எத்தனை பதிவு என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

புதிதாக வருகிறவர்கள் "டேப் கேட்டலாக்" என்று கேள்விப்பட்டதும் ஒரே பட்டியல் என்று நினைத்துக்கொள்கிறோம். அங்கேதான் குழப்பம் தொடங்குகிறது. ஒரு வால்யூம், அதாவது ஒரு டேப், நான்கு இடங்களில் பதிவாகியிருக்கும்.

முதலாவது, ஆர்எம்எம்-இன் கன்ட்ரோல் டேட்டாசெட். இது ஒரு விசாம் (சாவி வைத்துப் பதிவைத் தேடும் வகை) கோப்பு. டேப் யாருடையது, எப்போது எழுதப்பட்டது, எப்போது காலாவதி, எங்கே இருக்கிறது, உள்ளே என்னென்ன டேட்டாசெட்கள் என்பதெல்லாம் இங்கே இருக்கும்.

இரண்டாவது, டிசிடிபி என்று சொல்லும் டேப் கான்ஃபிகரேஷன் டேட்டாபேஸ். பெயர் பெரிதாக இருந்தாலும் இது வால்யூம் கேட்டலாக்தான். லைப்ரரிகளின் பதிவுகள் சிஸ்1.வால்கேட்.விஜெனரல் என்பதில் இருக்கும். ஏ என்று தொடங்கும் டேப்களுக்குச் சிஸ்1.வால்கேட்.விஏ என்று தனி கேட்டலாக் வைத்திருக்கலாம். தனியாக இல்லாதவை எல்லாம் விஜெனரலுக்கே போகும். சில இடங்களில் சிஸ்1 என்பதற்குப் பதில் வேறு முன்னொட்டு இருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, லைப்ரரி இயந்திரமே வைத்திருக்கும் கணக்கு. ரோபோ உள்ள லைப்ரரியோ, டிஎஸ்7700 மாதிரி வர்ச்சுவல் டேப்போ, அது ஒவ்வொரு வால்யூமையும் ஒரு கேட்டகரி எண்ணில் வைத்திருக்கும். மாற்றி அமைக்காத சிஸ்டத்தில் 000எஃப் என்றால் பிரைவேட் (டேட்டா உள்ள டேப்), 000இ என்றால் எரர், எஃப்எஃப்00 என்றால் இப்போதுதான் உள்ளே போட்ட டேப். ஸ்க்ராட்ச் (மறுபடி எழுதத் தயாராக உள்ள டேப்) எண்களைப் பல இடங்களில் பார்ம்லிப் என்ற அமைப்புக் கோப்பின் டெவ்சப் மெம்பரில் மாற்றியிருப்பார்கள். உங்கள் இடத்து எண்களை ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டிவையுங்கள். நான் இன்னும் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

நான்காவது, சாதாரண யூசர் கேட்டலாக். டேட்டாசெட் பெயரைக் கொடுத்தால் எந்த வால்யூம் என்று சொல்லும் இடம். டேப் பற்றி இதற்கு வேறொன்றும் தெரியாது.

இந்த நான்கும் ஒன்றையொன்று தானாகவே சரிபார்த்துக்கொண்டே இருக்கும் என்று நம்ப வேண்டாம். வழக்கமான வேலையில் ஒன்றாகத்தான் மாறும். நடுவில் ஒரு சிஸ்டம் விழுந்தாலோ, யாராவது ஒரு இடத்தில் மட்டும் கை வைத்தாலோ பிரிந்துவிடும். "டேப் காணவில்லை" என்று எனக்கு வந்த புகார்களில் பெரும்பாலானவை இந்தப் பிரிவுதான்.

2. அனுமதி வாங்கும் வேலையை முதல் நாளே தொடங்குங்கள்

இதற்குத்தான் அதிக நாள் பிடிக்கும். கையில் டிக்கெட் வந்த பிறகு அனுமதி கேட்டால் அந்த வாரம் முழுக்க வேடிக்கைதான் பார்க்க வேண்டும்.

கேட்க வேண்டியவை இவை. அனுமதிகளைக் கட்டுப்படுத்தும் ராக்ஃப்-இல் எஸ்டிஜிஅட்மின்.இடிஜி.மாஸ்டர் என்ற ப்ரொஃபைலுக்கு ரீட். இது இருந்தால் யாருடைய டேப்பின் பதிவையும் பார்க்கலாம், மாற்ற முடியாது. தொடக்கத்தில் இது போதும். ஜாப்களையும் சிஸ்டத்தையும் கண்காணிக்கும் எஸ்டிஎஸ்எஃப்-இல் டிஸ்ப்ளே எஸ்எம்எஸ் கட்டளை கொடுக்க அனுமதி. ஸ்டோரேஜ் நிர்வாகத் திரையான ஐஎஸ்எம்எஃப் பேனலில் மவுன்டபிள் டேப் வால்யூம் பட்டியலைத் திறக்க அனுமதி. தினசரி ரிப்போர்ட் கோப்புகளைப் படிக்க அனுமதி.

கேட்கவே கேட்காதீர்கள் என்று நான் சொல்வது எஸ்டிஜிஅட்மின்.ஐஜிஜி.லைப்ரரி. அது இருந்தால் கேட்டலாக்கைத் திருத்தும் யுடிலிட்டியான ஐடிகேம்ஸ் மூலம் வால்யூம் கேட்டலாக்கில் நேரடியாகக் கை வைக்கலாம். முதல் ஆறு மாதம் அது உங்களிடம் இல்லாமல் இருப்பது உங்களுக்கே பாதுகாப்பு.

விண்ணப்பத்தில் "அட்மின் அனுமதி வேண்டும்" என்று பொதுவாக எழுதினால் செக்யூரிட்டி டீம் திருப்பி அனுப்பிவிடும். ப்ரொஃபைல் பெயர், ரீட்டா அப்டேட்டா என்பது, எதற்காக, எவ்வளவு காலம் என்று நான்கையும் எழுதுங்கள். மேனேஜரின் ஒப்புதல் மெயிலை இணைத்துவிடுங்கள். டெஸ்ட், ப்ரொடக்ஷன் இரண்டுக்கும் தனித்தனி ராக்ஃப் இருந்தால் இரண்டு விண்ணப்பம் போட வேண்டும். எனக்கு ஒன்று வந்து, இன்னொன்று போடவே இல்லை என்பது பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது.

3. தேடும் முன் டிக்கெட் போட்டவரிடம் கேளுங்கள்

டேட்டாசெட்டின் முழுப் பெயர், அது எழுதப்பட்ட தேதி, எழுதிய ஜாப் பெயர். இந்த மூன்றும் இருந்தால் வேலை பாதி முடிந்தது. டேப் எண்ணை மட்டும் கொடுத்தால் நம்பி இறங்காதீர்கள். அதே எண்ணுள்ள டேப் பலமுறை ஸ்க்ராட்சாகி, மறுபடி எழுதப்பட்டிருக்கும். மூன்று வருடம் முந்தைய ஜாப் லாகிலிருந்து எடுத்த எண் என்றால், இன்று அதில் வேறு யாருடைய டேட்டாவோ இருக்கலாம்.

முழுப் பெயரை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், டேப் லேபிளில் உள்ள எச்டிஆர்1 பதிவில் டேட்டாசெட் பெயரின் கடைசி 17 எழுத்துகள் மட்டும்தான் இருக்கும். பெயரோ 44 எழுத்து வரை போகலாம். லேபிளை அச்சடித்துப் பார்த்து "இதுதான்" என்று முடிவுகட்டினால், கடைசிப் பகுதி ஒரே மாதிரி உள்ள இன்னொரு டேட்டாசெட்டிடம் ஏமாந்துவிடுவீர்கள். ப்ரொடக்ஷன் பெயரும் டெஸ்ட் பெயரும் முன்பகுதியில் மட்டும் வேறுபடும் இடங்களில் இது அடிக்கடி நடக்கும்.

4. ஆர்எம்எம் பதிவைப் படியுங்கள்

டேப் எண் கையில் இருந்தால் ஆர்எம்எம் லிஸ்ட்வால்யூம் கட்டளையில் எண்ணைக் கொடுத்து ஆல் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஆல் போடாவிட்டால் பாதித் தகவல்தான் வரும். திரை நிறைய வரிகள் வரும், பயப்பட வேண்டாம். நான் பார்க்கும் வரிசை இது.

முதலில் ஸ்டேட்டஸ். மாஸ்டர் என்றால் ஆர்எம்எம்-இன் பாதுகாப்பில் உள்ள டேட்டா இருக்கிறது. யூசர் என்றால் ஒருவருக்கு என்று ஒதுக்கிய டேப். ஸ்க்ராட்ச் என்றால் யார் வேண்டுமானாலும் எழுதலாம். நீங்கள் தேடும் டேப் ஸ்க்ராட்ச் என்று வந்தால் மற்றதையெல்லாம் நிறுத்திவிட்டு உடனே சீனியரை அழையுங்கள். அதன் மேல் புதிதாக எழுதாத வரை டேட்டா பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். டிஎஸ்7700-இல் ஸ்க்ராட்ச் கேட்டகரிக்கு எக்ஸ்பயர் ஹோல்ட் போட்டிருந்தால் குறிப்பிட்ட காலம் வரை அதை எடுக்காது. ஆனால் இங்கே ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். அடுத்த ஸ்க்ராட்ச் மவுன்ட்டில், அதாவது ஏதாவது ஒரு ஜாப் எழுத டேப் கேட்கும்போது, அந்த டேப்பே போய்விடலாம்.

அடுத்து லொக்கேஷன், டெஸ்டினேஷன், ஹோம் லொக்கேஷன், இன்-ட்ரான்சிட் ஆகிய நான்கையும் சேர்த்துப் படியுங்கள். லொக்கேஷனை மட்டும் பார்த்துவிட்டு "லைப்ரரியில்தான் இருக்கிறது" என்று பதில் எழுதாதீர்கள். இன்-ட்ரான்சிட் என்பதற்கு ஒய் என்று இருந்தால் டேப் கிளம்பிவிட்டது அல்லது கிளம்ப வேண்டியது, போய்ச் சேர்ந்ததை இன்னும் யாரும் உறுதிசெய்யவில்லை என்று அர்த்தம்.

பிறகு முந்தைய வால்யூம், அடுத்த வால்யூம். பெரிய டேட்டாசெட் பல டேப்களில் தொடரும். அடுத்த வால்யூம் இடத்தில் ஒரு எண் இருந்தால் அதையும் லிஸ்ட் செய்து, சங்கிலியின் கடைசி வரை போய், எல்லா எண்களையும் எழுதிக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு டேப்பின் பதிவை மட்டும் மாற்றினால் மொத்த டேட்டாசெட்டும் படிக்க முடியாமல் போகும். மீட்பு வேலையில் முதல் டேப்பை மட்டும் வெளியிலிருந்து வரவழைத்து, இரண்டாவது வராமல் ஜாப் நின்றுபோனதை நான் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, ஓனரும் எழுதிய ஜாப்பும். ஓனர் டிஎஃப்எச்எஸ்எம் (கோப்புகளைத் தானாக டேப்புக்கு நகர்த்தி, பேக்கப் எடுக்கும் மென்பொருள், சுருக்கமாக எச்எஸ்எம்) என்றால் அங்கேயே நில்லுங்கள். அந்த டேப்பின் உள்ளடக்கத்தை எச்எஸ்எம் தன்னுடைய கணக்கில் தனியாக வைத்திருக்கிறது. அதை ஆர்எம்எம்-இல் பார்த்தால் ஒரே ஒரு டேட்டாசெட் பெயர்தான் தெரியும், உள்ளே ஆயிரக்கணக்கான கோப்புகள் இருக்கும். எச்எஸ்எம்மின் டிடிஓசி என்ற டேப் உள்ளடக்கப் பட்டியலை எடுத்துத்தான் பார்க்க வேண்டும். அந்த டேப்பை விடுவிக்க வேண்டுமானாலும் எச்எஸ்எம் வழியாகவே செய்ய வேண்டும்.

5. எண் தெரியாமல் தேடும்போது இரண்டு பொறிகள்

சர்ச்வால்யூம் கட்டளைக்கு ஓனர் என்று ஒன்று கொடுக்காவிட்டால் உங்கள் யூசர் ஐடியை எடுத்துக்கொள்ளும். நான் மாட்டியது இதில்தான். எப்போதும் ஓனர் என்ற இடத்தில் நட்சத்திரக் குறி போடுங்கள்.

லிமிட் கொடுக்காவிட்டால் 10 பதிவோடு நின்றுவிடும். பத்து வரிகள் அழகாக வந்தால் அதுதான் முழுப் பட்டியல் என்று தோன்றும். என்னுடன் சேர்ந்த ஒருவர் இப்படி வந்த பத்து டேப்களை மட்டும் எண்ணி, ஒரு அப்ளிகேஷனுக்கு மொத்தமே பத்து டேப்தான் என்று ரிப்போர்ட் கொடுத்துவிட்டார்.

அதற்காக எல்லா டேப்பையும், லிமிட் இல்லாமல், பகலில் தேடிவிடாதீர்கள். லட்சக்கணக்கான பதிவுகள் உள்ள இடத்தில் அது சிபியுவை நன்றாகவே தின்னும். பல நிறுவனங்களில் ஐபிஎம் மென்பொருள் கட்டணம் சிபியு பயன்பாட்டின் நான்கு மணி நேர உருளும் சராசரியின் மாத உச்சத்தை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. மாதக் கடைசியில், பேட்ச் உச்சத்தில் இருக்கும் நேரத்தில் நீங்கள் ஓட்டும் தேடலும் அந்த உச்சத்தில் போய்ச் சேரும். அதற்கு மாற்று கையிலேயே இருக்கிறது. ஆர்எம்எம்-இன் பராமரிப்பு வேலையான ஹவுஸ்கீப்பிங் ஜாப் தினமும் பதிவுகளின் நகலாக ஒரு எக்ஸ்ட்ராக்ட் கோப்பு எழுதும். டிஎஃப்சார்ட், ஐஸ்டூல் என்ற வரிசைப்படுத்தும் கருவிகளை வைத்து அதில் என்ன வேண்டுமானாலும் வடிகட்டலாம். நேற்றிரவு வரையான நிலவரம் போதும் என்கிற கேள்விகளுக்கெல்லாம் அந்தக் கோப்பையே பயன்படுத்துங்கள். இந்த நிமிடத்து நிலை வேண்டும் என்றால் மட்டும் கட்டளை.

6. மற்ற பதிவுகளோடு ஒப்பிடுங்கள்

ஆர்எம்எம் சொன்னதை ஒரு வரியில் எழுதிக்கொண்டு, அடுத்த இரண்டு இடங்களுக்குப் போங்கள்.

வால்யூம் கேட்டலாக்குக்கு லிஸ்ட்கேட் கட்டளையில் வால்யூம்என்ட்ரீஸ் என்று கேட்க வேண்டும். இங்கே ஒரு சின்ன விஷயம் புதியவர்கள் எல்லோரையும் ஏமாற்றும். கேட்டலாக்கில் வால்யூம் பெயருக்கு முன்னால் வி என்ற எழுத்து சேர்ந்திருக்கும். டேப் எண் ஏ00123 என்றால் நீங்கள் கேட்க வேண்டியது விஏ00123. வி இல்லாமல் கேட்டால் கிடைக்கவில்லை என்றே வரும். உடனே "பதிவு தொலைந்துவிட்டது" என்று முடிவெடுத்து, இல்லாத பிரச்சினையைச் சரிசெய்யப் போகிறவர்கள் உண்டு. பார்க்க வேண்டியது யூஸ் ஆட்ரிப்யூட் ஸ்க்ராட்சா பிரைவேட்டா என்பதும், எந்த லைப்ரரியின் பெயர் என்பதும்.

லைப்ரரியின் கணக்குக்கு டிஸ்ப்ளே எஸ்எம்எஸ் கட்டளையில் வால்யூம் எண்ணைக் கொடுங்கள். வால்யூம் கேட்டலாக்கில் உள்ளதையும், லைப்ரரியிடம் கேட்டு வாங்கிய கேட்டகரியையும் ஒரே திரையில் காட்டும். டிஎஸ்7700 என்றால் லைப்ரரி ரெக்வெஸ்ட் கட்டளையில் எல்வால் என்று கேட்டால் இன்னும் விவரமாக வரும்.

இப்போது ஒப்பிடுங்கள். ஆர்எம்எம்-இல் மாஸ்டர் அல்லது யூசர் என்றால் மற்ற இரண்டிலும் பிரைவேட் என்று இருக்க வேண்டும். ஆர்எம்எம்-இல் ஸ்க்ராட்ச் என்றால் மூன்றிலும் ஸ்க்ராட்ச்.

ஆர்எம்எம் மாஸ்டர் என்கிறது, லைப்ரரி ஸ்க்ராட்ச் என்கிறது என்று வைத்துக்கொள்வோம். லைப்ரரி அந்த டேப்பை எடுத்து மவுன்ட் செய்யும். ஆர்எம்எம் ப்ரொடெக்ட் மோடில் இருந்தால் "இதில் எழுதக் கூடாது" என்று தள்ளிவிட்டு வேறு டேப் கேட்கும். டேட்டா பிழைத்தது, ஆனால் ஜாப் தாமதமாகும். இப்படிப் பத்து இருபது டேப் இருந்தால் பேட்ச் நகராது. ஆர்எம்எம் வார்னிங் மோடிலோ ரெக்கார்ட் மோடிலோ ஓடுகிறது என்றால் அந்தத் தடையும் இருக்காது, டேட்டா போய்விடும். உங்கள் இடத்தில் எந்த மோட் என்பதைப் பார்ம்லிபில் இடிஜிஆர்எம்எம் மெம்பரில் பார்த்து வையுங்கள்.

நேர்மாறாக, ஆர்எம்எம் ஸ்க்ராட்ச் என்கிறது, லைப்ரரி பிரைவேட் என்கிறது. இதில் சத்தமே வராது. அந்த டேப்பை யாரும் எடுக்க மாட்டார்கள். இப்படி ஒவ்வொன்றாகச் சேர்ந்து, ஒரு நாள் சிபிஆர்3660ஏ என்ற செய்தி வந்து, லைப்ரரியில் ஸ்க்ராட்ச் டேப் போடச் சொல்லும். புதிய டேப் வாங்கக் கோரிக்கை எழுதும் முன் இந்த மாதிரி முடங்கிக் கிடக்கும் டேப்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். தேவையே இல்லாத ஒரு கொள்முதலைத் தவிர்க்கலாம்.

7. திருத்தும் முன் நில்லுங்கள்

வித்தியாசத்தைக் கண்டுபிடித்ததும் கை துறுதுறுக்கும். முதலில் மூன்று இடத்து அவுட்புட்டையும் சேமித்து, டிக்கெட்டில் இணையுங்கள். திருத்திய பிறகு "முன்பு எப்படி இருந்தது" என்று யாராவது கேட்டால் காட்ட வேறு வழியில்லை. சேஞ்ச் ரெக்வெஸ்ட்டில் டேப் எண், மூன்று இடத்து நிலை, எது சரி என்று நீங்கள் நினைக்கிறீர்கள், ஏன், தவறாகிப் போனால் எப்படித் திரும்புவது ஆகியவற்றை எழுதுங்கள். டேட்டாவின் ஓனரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். போனில் சொன்னது போதாது.

ஐடிகேம்ஸ் ஆல்டர் வால்யூம்என்ட்ரி கொடுத்தால் ஒரு நொடியில் கேட்டலாக் சரியாகிவிடும். ஆனால் அது கேட்டலாக்கை மட்டும்தான் மாற்றும். லைப்ரரி இயந்திரத்துக்கு அது தெரியாது. இரண்டாக இருந்த கணக்கு மூன்றாகிவிடும். அதனால் வழக்கமான மாற்றங்களை ஐஎஸ்எம்எஃப்-இன் மவுன்டபிள் டேப் வால்யூம் பட்டியல் வழியாகவோ, ஆர்எம்எம் சேஞ்ச்வால்யூம் வழியாகவோ செய்யுங்கள். இந்த வழிகளில் லைப்ரரிக்கும் செய்தி போகும். கேட்டலாக்கே அழிந்து, மறுபடி உருவாக்கும் நிலைமைக்குத்தான் ஐடிகேம்ஸ்.

நிறைய டேப்களில் வித்தியாசம் இருந்தால் இடிஜியுடில் என்ற யுடிலிட்டியை வெரிஃபை, எஸ்எம்எஸ்டேப் என்று கொடுத்து ஓட்டச் சொல்லுங்கள். ஒப்பிட்டுப் பட்டியல் மட்டும் தரும், எதையும் மாற்றாது. அதே யுடிலிட்டியில் வெரிஃபைக்குப் பதில் மென்ட் என்று கொடுத்தால் ஆர்எம்எம் பதிவை வைத்து மற்றவற்றைத் திருத்தும். ஆர்எம்எம் பதிவே தவறாக இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். மென்ட் புதியவர்கள் தனியாக ஓட்டும் வேலை அல்ல.

டெலீட்வால்யூம் ஃபோர்ஸ் பற்றி ஒரு வார்த்தை. டேப் பழுதாகி, உடைத்துப் போட்டாகிவிட்டது, பதிவை நீக்க வேண்டும் என்ற நிலையில் மட்டும் அது. பதிவு குழப்பமாக இருக்கிறது, அழித்துவிட்டுப் புதிதாகச் சேர்க்கலாம் என்று செய்தால் டேட்டாசெட் விவரம், தேதி, சங்கிலி எல்லாம் அதோடு போய்விடும்.

8. காலாவதி: தேதிகளும் நாட்களும்

புதியவர்கள் செய்யும் தவறுகளில் மிகவும் வருத்தம் தருவது இந்த இடத்தில்தான். டேட்டா திரும்பி வராது.

ஜாப் எழுதும் மொழியான ஜேசிஎல்-இல், காலாவதித் தேதியைச் சொல்லும் எக்ஸ்பிடிடி-க்கு ஐந்து இலக்கத்தில் (வருடம் இரண்டு, நாள் மூன்று) தேதி கொடுத்தால் அது 1900-களின் வருடம். 25030 என்று எழுதினால் 2025 ஜனவரி 30 என்று நீங்கள் நினைப்பீர்கள். சிஸ்டம் 1925 என்று எடுத்துக்கொள்ளும். அப்போது எழுதிய அன்றே டேப் காலாவதி. 2000-க்குப் பிந்தைய தேதி என்றால் வருடத்தை நான்கு இலக்கத்தில் எழுதி, சாய்கோடு போட்டு, நாளை மூன்று இலக்கத்தில் எழுத வேண்டும்: 2025/030. 99365, 99366 இரண்டும் எப்போதும் காலாவதி ஆகாத தேதிகள். பழைய ஜாப்களில் யோசிக்காமல் இதைப் போட்டுவைத்திருப்பார்கள். டேப் செலவு ஏன் ஏறுகிறது என்று கேள்வி வந்தால் நான் முதலில் தேடுவது இவற்றைத்தான்.

தேதியை விட விஆர்எஸ் என்ற விதிகள் முக்கியம். "இந்தப் பெயரில் தொடங்கும் டேட்டாசெட்டை இத்தனை நாள் வை", "கேட்டலாக்கில் இருக்கும் வரை வை", "வெளி வால்ட்டில் (வேறு இடத்தில் உள்ள பாதுகாப்புக் கிடங்கில்) வை" என்று சொல்லும் விதிகள் அவை. கேட்டலாக்கில் இருக்கும் வரை என்ற விதி உள்ள இடத்தில் ஒரு ஜிடிஜி-யின் (ஒரே பெயரில் தலைமுறை தலைமுறையாகச் சேரும் டேட்டாசெட்களின்) லிமிட்டை யாராவது 30-லிருந்து 7 ஆகக் குறைத்தால் என்ன நடக்கும் பாருங்கள். 23 தலைமுறைகள் கேட்டலாக்கிலிருந்து உதிரும். விதி அவற்றை விட்டுவிடும். அன்றிரவே அவற்றின் டேப்கள் விடுதலைக்குத் தயாராகிவிடும். லிமிட்டை மாற்றியவருக்கு டேப் என்ற எண்ணமே வந்திருக்காது.

நேரக் கணக்கு இப்படி. இடிஜிஎச்எஸ்கேபி என்ற ஹவுஸ்கீப்பிங் ஜாப் பெரும்பாலான இடங்களில் தினமும் ஒருமுறை ஓடும். அதில் விஆர்எஸ்இஎல் விதிகளைச் சரிபார்க்கும். எக்ஸ்ப்ராக் காலாவதியானவற்றைப் பார்க்கும். வழக்கமாக முதல் ஓட்டத்தில் டேப் "பென்டிங் ரிலீஸ்" ஆகும், அடுத்த ஓட்டத்தில்தான் ஸ்க்ராட்ச் ஆகும். விதியில் ஸ்க்ராட்ச்-இம்மீடியட் போட்டிருந்தால் ஒரே ஓட்டத்தில் முடிந்துவிடும். அந்த ஒரு நாள் இடைவெளிதான் தவறைத் தடுக்கக் கிடைக்கும் நேரம். பென்டிங் ரிலீஸ் பட்டியலைத் தினமும் காலையில் பாருங்கள். நேற்று 200, இன்று 4,000 என்று வந்தால் அடுத்த எக்ஸ்ப்ராக்கை நிறுத்திவைக்கச் சொல்லிவிட்டு, பிறகு காரணம் தேடுங்கள். காரணத்தை முதலில் தேடினால் இரவு வந்துவிடும்.

விதிகளை மாற்றும் நாளில் வெரிஃபை சேர்த்து ஒரு சோதனை ஓட்டம் ஓட்டி, ஆக்டிவிட்டி கோப்பில் என்னென்ன மாறும் என்று பார்த்துவிட்டுத்தான் உண்மையான ஓட்டம். பார்ம்லிபில் விஆர்எஸ்சேஞ்ச் என்பதற்கு வெரிஃபை போட்டிருந்தால் சிஸ்டமே சோதனை ஓட்டத்தைக் கட்டாயமாக்கும். விஆர்எஸ்மின் என்ற எண்ணும் இருக்கிறது. விதிகளின் எண்ணிக்கை அதற்குக் கீழே போனால் ஹவுஸ்கீப்பிங் நின்றுவிடும்படி வைக்கலாம். உங்கள் இடத்தில் இவை இல்லையென்றால் போடச் சொல்லிக் கேளுங்கள். புதியவர் கேட்டதாலேயே போடப்பட்ட இடத்தை எனக்குத் தெரியும்.

9. வெளியே போகும் டேப்கள்

வர்ச்சுவல் டேப் மட்டும் உள்ள இடங்களில் இதைத் தாண்டிப் போகலாம்.

கார்ட்ரிட்ஜ் வால்ட்டுக்குப் போகும் இடங்களில், ஹவுஸ்கீப்பிங்கின் டிஸ்டோர் பகுதி எது எங்கே போக வேண்டும் என்று குறிக்கும். ஆபரேட்டர் பட்டியலை எடுத்து, டேப்களை வெளியே எடுத்து, பெட்டியில் போட்டு, வண்டிக்காரரிடம் கையெழுத்து வாங்குவார். இதற்குப் பிறகு ஒரு வேலை இருக்கிறது, பலரும் மறப்பது அதைத்தான். சேஞ்ச்வால்யூம் கன்ஃபர்ம்மூவ் கொடுத்து, நகர்வை உறுதிசெய்ய வேண்டும். கொடுக்காவிட்டால் டேப் எப்போதும் இன்-ட்ரான்சிட்டில்தான்.

மூன்று தாள்கள் ஒத்துப்போக வேண்டும்: ஆர்எம்எம் நகர்வுப் பட்டியல், கையெழுத்தான அனுப்புச் சீட்டு, வால்ட்டிலிருந்து வரும் பெறுகைப் பட்டியல். மூன்றையும் எண் எண்ணாக ஒப்பிட்ட பிறகே கன்ஃபர்ம் கொடுங்கள். மொத்தமாக எல்லாவற்றுக்கும் ஒரே கட்டளையில் கன்ஃபர்ம் கொடுக்கவும் வழி உண்டு. பெட்டியில் ஒரு டேப் குறைந்திருந்தால் அதுவும் போய்ச் சேர்ந்ததாகவே பதிவாகிவிடும். அது அலமாரிக்கடியில் கிடந்தது என்பது, மீட்புப் பயிற்சி நாளில்தான் தெரிய வரும்.

செலவு விஷயம்: வழக்கமான வண்டியில் திரும்ப வரவழைப்பதற்கும், அவசரமாக நடுஇரவில் வரவழைப்பதற்கும் கட்டணம் வேறு. உங்கள் ஒப்பந்தத்தில் இரண்டும் எவ்வளவு, வழக்கமான வண்டிக்கு எத்தனை மணிக்குள் பட்டியல் கொடுக்க வேண்டும் என்று கேட்டு எழுதி வையுங்கள். அரைமணி நேரம் தாமதித்ததால் அவசரக் கட்டணம் கட்டியதுண்டு.

10. தினமும் காலையில் பார்க்க வேண்டியவை

ஹவுஸ்கீப்பிங் ஜாபின் ரிட்டர்ன் கோட். பூஜ்யம் இல்லையென்றால் மெசேஜ் கோப்பைத் திறந்து படியுங்கள். "எப்போதும் 4 வரும், பரவாயில்லை" என்று யாராவது சொன்னால், எந்தச் செய்தியால் 4 வருகிறது என்று ஒருமுறையாவது நீங்களே பாருங்கள்.

ஆர்எம்எம் பதிவில் நடக்கும் மாற்றங்களைக் குறித்துவைக்கும் ஜர்னல் எவ்வளவு நிரம்பியிருக்கிறது. மாற்றாவிட்டால் 75 சதவீதத்தில் எச்சரிக்கை வரும். முழுதும் நிரம்பினால் ஆபரேட்டரிடம் பதில் கேட்டு நிற்கும், டேப் ஜாப்கள் அதுவரை காத்திருக்கும். பேக்கப் சரியாக முடிந்தால் ஜர்னல் காலியாகிவிடும். அதனால் ஜர்னல் ஏறிக்கொண்டே போகிறது என்றால் பேக்கப் எங்கோ தவறுகிறது என்று பொருள். ஆர்எம்எம் கன்ட்ரோல் டேட்டாசெட்டின் பேக்கப்பை டேப்பில் மட்டும் வைக்காதீர்கள், டிஸ்க்கிலும் ஒரு பிரதி இருக்கட்டும். கன்ட்ரோல் டேட்டாசெட் கெட்டுப்போனால், பேக்கப் உள்ள டேப் எது என்று சொல்ல வேண்டிய பதிவேடே அப்போது கையில் இருக்காது.

ஸ்க்ராட்ச் எண்ணிக்கை, மீடியா வாரியாக. நேற்றைய எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். ஒரு மாதம் எழுதினால் உங்கள் இடத்தில் ஒரு வாரத்துக்கு எவ்வளவு செலவாகிறது, எவ்வளவு திரும்பி வருகிறது என்று கண்ணுக்கே தெரியும்.

மூன்று நாளைக்கு மேல் இன்-ட்ரான்சிட்டில் இருக்கும் டேப்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆளைப் பிடித்துக் கேளுங்கள்.